முந்திரிச் சருகுக்குள் ஊரும் பழுப்பு மணிகள்: எரிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டியைத் தாண்டிக் காடாம்புலியூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு உள்ளது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது தாத்தா காலத்து மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. இப்போது நிற்பவை அதற்குப் பிறகு நட்ட ஒட்டுக்கன்றுகள். நான் கடலூரில் வேலையில் இருப்பதால் சித்தப்பாதான் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். பொங்கல் கழிந்ததும் மரத்தடிச் சருகை முழுவதும் கூட்டிக் கொளுத்துவது அவர் வழக்கம்.

இந்த ஆண்டு, மண்ணுக்குப் போக வேண்டியதை ஏன் புகையாக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் பதில் பேசாமல், மழை ஈரம் இன்னும் காயாத அடிச்சருகை ஒரு கை அள்ளி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின்மேல் உதறினார். கசகசாவில் பாதி அளவுகூட இராத பளபளப்பான பழுப்பு மணிகள் துண்டின்மேல் விழுந்து, சற்று நேரம் அசையாமல் கிடந்து, பிறகு மெல்ல ஊரத் தொடங்கின. வெளிறிய நிறத்தில் வேறு சில அங்குமிங்கும் ஓடின. "பேன் பிடித்த சருகு. விட்டு வைத்தால் பூக்கும் சமயத்தில் மரத்துக்கு ஏறிவிடும்" என்றார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. இவை என்ன? உண்மையிலேயே மரத்துக்கு ஏறுமா?

புதுவை விலங்கியல் எழுதியது:

உங்கள் சித்தப்பா துண்டை உதறிக் காட்டியது மிகச் சரியான ஆய்வு முறை; அவர் எட்டிய முடிவுதான் சரியில்லை. பழியில் பாதி நம் மொழிவழக்கின்மேல் விழ வேண்டும். செடியில் சாறுறிஞ்சுவதைச் செஞ்சிலந்திப் பேன் என்கிறோம், மாட்டின் காதில் தொங்குவதை உண்ணி என்கிறோம், இந்த இரு சொற்களையும் கொண்டே மண்ணில் தன்பாட்டுக்கு வாழும் சிற்றுண்ணிகளையும் அளக்கிறோம். பெயரைக் கேட்டவுடனே எவரையோ உறிஞ்சும் உயிர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இவை பூச்சிகள் அல்ல. எட்டுக்கால் கொண்ட, சிலந்திக்கும் தேளுக்கும் உறவான உயிர்கள். முட்டையிலிருந்து வரும் இளம்பருவத்துக்கு மட்டும் ஆறு கால்கள் இருக்கும். துண்டில் மெல்ல ஊர்ந்த பழுப்பு மணிகள் பெரும்பாலும் ஒரிபாட்டிட் என்னும் தொகுதியைச் சேர்ந்தவையாக இருக்கும். இதுவரை பெயரிடப்பட்ட இனங்களே 10,000க்கும் மேல். கெட்டியான ஓடு, மந்தமான நடை, நீண்ட ஆயுள், குறைந்த முட்டைகள் என்பவை இவற்றின் இயல்பு. விழுந்தவுடன் அசையாமல் கிடந்தன என்று எழுதியிருக்கிறீர்களே, அது தற்காப்பு. இவற்றில் ஒரு வகை தலைப்பகுதியை வயிற்றின்மேல் மூடி, கால்களை உள்ளிழுத்து, அழுங்கு சுருள்வதைப்போல ஓர் உருண்டையாகிவிடும்.

இவற்றின் உணவு பூஞ்சை, பாசி, பூஞ்சையால் பதப்பட்ட சருகு ஆகியவை. முந்திரி இலை தோல்போலத் தடித்தது, துவர்ப்பு மிகுந்தது. விழுந்தவுடன் அதை எதுவும் எளிதில் தொடுவதில்லை. மழைக்காலத்தில் பூஞ்சை படர்ந்து இலை இளகிய பிறகு சிற்றுண்ணிகள் அதைக் கொறித்துச் சிறு உருண்டைகளாக எச்சமிடுகின்றன. அந்த எச்சத்தில் பாக்டீரியாக்களும் மீண்டும் பூஞ்சையும் குடியேறுகின்றன. பூஞ்சை வித்துகளை உடலில் ஒட்டிக்கொண்டு புதுச் சருகுக்குக் கொண்டுசேர்ப்பவையும் இவையே. சருகை மட்கச் செய்வதில் முதன்மைப் பங்கு பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும்தான். அந்த வேலை நின்றுவிடாமல் மேய்ந்து, உடைத்து, கிளறிவிடும் கூலியாட்கள் இவை.

மரத்துக்கு ஏறுமா என்ற கேள்விக்கு மறைக்காமல் விடை சொன்னால், சில இனங்கள் ஏறும். பட்டையின்மேல் படரும் பாசியையும், பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கனையும் மேயத்தான் ஏறும். பூவையோ தளிரையோ நாடி அல்ல. வெளிறிய நிறத்தில் ஓடியவை வேறு தொகுதி. மீசோஸ்டிக்மாட்டா என்று பெயர். அவை வேட்டைக்காரர்கள். நூற்புழு, ஈ முட்டை, வாலால் துள்ளும் நுண்பூச்சிகள் ஆகியவை அவற்றின் இரை.

வடலூர்த் தோப்பு எழுதியது:

ஐயா சொல்வது அறிவியல். ஆனால் தரையைச் சுத்தம் செய்வதற்குப் பேன் மட்டும் காரணமில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். முந்திரிக்கொட்டையை மரத்தில் ஏறிப் பறிப்பதில்லை, பழத்தோடு கீழே விழுந்ததைப் பொறுக்குகிறோம். பங்குனி, சித்திரையில் ஒரு முழம் சருகுக்குள் கொட்டையைத் தேடினால் கூலி கட்டுப்படியாகாது. அடிமரத்தில் தண்டுத் துளைப்பான் புகுந்தால் மரத்தூளும் பிசினும் வெளிவரும். சருகு மூடியிருந்தால் அது கண்ணில் படாது, மரம் வாடிய பிறகே தெரியும். போதாக்குறைக்குச் சுருட்டை விரியன். பொறுக்க வருகிற பெண்களின் கைகளுக்கு யார் பொறுப்பு?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

வடலூர் நண்பர் சொல்வது முழுவதும் நியாயம். ஆனால் கூட்டுவது வேறு, கொளுத்துவது வேறு அல்லவா?

இதற்கிடையே, சருகுக்குள் இருப்பவற்றைக் கீழே இறக்கிப் பிடிக்க நானே ஒரு புனல் செய்து பார்த்தேன். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நடுவில் அறுத்து, மேல்பாதியைத் தலைகீழாகக் கீழ்பாதிக்குள் செருகி, கழுத்தில் கொசுவலைத் துண்டை வைத்துச் சருகை நிரப்பி, மேலே மேசை விளக்கை எரியவிட்டேன். அடியில் சிறிது கைச்சுத்திகரிப்பான் ஊற்றி வைத்தேன். இரண்டு நாளாகியும் ஓர் எறும்பைத் தவிர எதுவும் விழவில்லை. எங்கே தவறு?

புதுவை விலங்கியல் எழுதியது:

பல இடங்களில் தவறு நேர்ந்திருக்கிறது. பொறுத்தருளுங்கள், ஒன்றொன்றாகச் சொல்கிறேன். உங்கள் மேசை விளக்கு எல்.இ.டி.யாக இருக்கும். அது ஒளி தரும், சூடு தராது. இத்தாலிய அறிஞர் அந்தோனியோ பெர்லேசே 1905இல் இந்தப் புனலை அமைத்தபோது அதைச் சுற்றி வெந்நீரை வைத்துச் சூடாக்கினார். சுவீடனின் ஆல்பர்ட் துல்கிரேன் 1918இல் அதற்குப் பதிலாக மின்விளக்கை மேலே தொங்கவிட்டார். சருகு மேலிருந்து சிறிது சிறிதாகக் காய வேண்டும், உள்ளே இருப்பவை ஈரத்தையும் இருட்டையும் தேடிக் கீழே இறங்க வேண்டும் என்பதுதான் தத்துவம். ஆகவே பழைய 40 வாட் குண்டு பல்பு வேண்டும். கோழிக்குஞ்சுக் கூண்டுக்கு விற்பவர்களிடம் இன்னும் கிடைக்கிறது. சருகுக்கு மிக நெருக்கமாக வைத்தால் இறங்குவதற்குள் வறுபட்டுச் செத்துவிடும் என்பதால் ஒரு சாண் உயரம் விடுங்கள்.

கொசுவலையும் பொருந்தாது. அதன் கண் மிகச் சிறியது என்பதோடு ஈரத்தில் அடைத்தும் கொள்ளும். இரண்டு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை போதும். கைச்சுத்திகரிப்பான் கூழாக இருந்தால் விழுந்தவை அதன் மேலேயே நிற்கும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஊற்றுங்கள். இரண்டு நாள் போதாது, நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும். சருகைப் புனலில் தலைகீழாக, அதாவது மண்ணை ஒட்டிய அடிப்பக்கம் மேலே வருமாறு வைக்கக்கூடாதா என்று சிலர் கேட்பார்கள். மண் கட்டியாக எடுத்திருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் மேற்பரப்பில் உள்ள இடைவெளிகள் வழியாக அவற்றுக்கு இறங்குவது எளிது. உதிரிச் சருகுக்கு எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் எரித்த இடத்திலிருந்தும் எரிக்காத இடத்திலிருந்தும் ஒரே அளவு எடுங்கள். மட்கிப்போன பழைய காட்டுச் சருகும் வேண்டும் என்று தோன்றும். அதற்காகப் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் போய் அள்ளிவிடாதீர்கள். அந்தக் காட்டில் சுள்ளிகூட எடுப்பதில்லை என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு, அந்தக் காடு இன்று இருப்பதற்கே அதுதான் காரணம்.

ஆட்டுக்கிடை எழுதியது:

நான் விருத்தாசலம் பக்கத்தில் வெள்ளாடும் செம்மறியும் வைத்திருப்பவன். எல்லோரும் இந்த உயிர்களைப் புகழ்வதைப் படித்துக்கொண்டே வந்தேன். குட்டிகளின் புழுக்கையில் வேகவைத்த அரிசிபோல வெள்ளைத் துண்டுகள் வருவதற்கு, புல்லில் இருக்கும் ஏதோ ஒரு சிற்றுண்ணிதான் காரணம் என்று எங்கள் ஊருக்கு வரும் கால்நடை மருத்துவர் சொன்னார். அது இதுதானா? இதுதான் என்றால் எரிப்பதில் என்ன தவறு?

புதுவை விலங்கியல் எழுதியது:

இதுவேதான். நல்ல இடத்தில் பிடித்துவிட்டீர்கள். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

குட்டிகளின் குடலில் வாழும் மொனீசியா என்னும் நாடாப்புழுவின் கணுக்கள்தான் நீங்கள் பார்க்கும் அரிசித் துண்டுகள். அவற்றிலிருந்து சிதறும் முட்டைகளை மேய்ச்சல் நிலத்து ஒரிபாட்டிட் சிற்றுண்ணிகள் தின்கின்றன. முட்டைக்குள் இருந்த கரு சிற்றுண்ணியின் உடலுக்குள் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை வளர்ந்து இளம்புழுவாகிறது. அந்தச் சிற்றுண்ணியைப் புல்லோடு சேர்த்து ஆடு விழுங்கும்போதுதான் புழு குடலை அடைகிறது. ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராகத் தொற்றுவதில்லை. இந்தச் சுற்று நெடுங்காலம் யாருக்கும் விளங்காமல் இருந்தது. 1937இல் அமெரிக்காவின் ஸ்டங்கார்டு என்பவர்தான் நடுவில் இருப்பது மண் சிற்றுண்ணி என்று காட்டினார்.

ஆனால் இதற்குத் தீர்வு நெருப்பு அல்ல. கெட்டியான ஓடும் பொறுமையும் கொண்ட இந்த உயிர்கள் மண்ணுக்குள்ளும் இருக்கின்றன. ஒரு மேய்ச்சல் நிலம் முழுவதிலும் அவற்றை ஒழிப்பது நடவாது. அவை புல்லின்மேல் ஏறுவது ஈரமும் மங்கிய ஒளியும் உள்ள நேரத்தில், அதாவது விடியற்காலையிலும் அந்தியிலும். வெயில் ஏறினால் மண்ணுக்கு இறங்கிவிடும். பனி உலர்ந்த பிறகே ஆட்டை ஓட்ட வேண்டும் என்று உங்கள் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள் அல்லவா, அது இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. புழு அதிகம் தாக்குவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை. வளர்ந்த ஆடுகளுக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிடுகிறது. குடற்புழு மருந்தின் அளவையும் நேரத்தையும் உங்கள் மருத்துவரே குறிக்கட்டும்.

ஆட்டுக்கிடை எழுதியது:

பனிப்புல் மேய்ந்தால் வயிறு ஊதும் என்றுதான் அப்பா சொல்வார். காரணம் கேட்டால் அடி விழும். நன்றி. குட்டிகளை இனிமேல் ஒன்பது மணிக்கு முன் அவிழ்ப்பதில்லை.

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற செவிலியர். சிற்றுண்ணி என்றாலே நல்லது என்ற முடிவோடு யாரும் இந்த இழையை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவதும் மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணிதான். அதன் இளம்பருவம் மட்டுமே எலி, மூஞ்சூறு போன்றவற்றையும் தற்செயலாக மனிதரையும் கடிக்கும். பிறகு அது மண்ணுக்குத் திரும்பிப் பூச்சி முட்டைகளைத் தின்று வளர்ந்து, வாழ்நாளின் மீதியை யாரையும் தொடாமல் கழிக்கிறது. நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் சென்றுவிடும்.

அந்த ஆறுகால் இளம்பருவம் கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாது. கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருகிய புண் ஒன்று இருக்கக்கூடும். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை, நாம் தேடிப் பார்க்க வேண்டும். காலத்தோடு வந்தால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தில் குணமாகும். காலம் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். தோப்பில் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலோடு வருபவர்கள், தோப்புக்குப் போனதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி பல நேரங்களில் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அப்படியானால், அம்மா, சருகை எரிப்பது இதற்காவது உதவுமா?

பாகூர் ஏரிக்கரை எழுதியது:

நான் பார்த்தவரை எலியும் புதரும்தான் கவனிக்க வேண்டியவை, தம்பி. வேலியோரப் புதரை வெட்டுங்கள், எலி வளையை அடையுங்கள், முழுக்கைச் சட்டை அணியுங்கள், சருகின்மேலோ புல்லின்மேலோ துண்டு விரித்துப் படுக்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் குளித்து உடையை மாற்றுங்கள். புகையால் எனக்குத் தெரிந்த ஒரே விளைவு, சுற்று வட்டாரக் குழந்தைகளுக்கு இளைப்பு.

முத்தியால்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

இழையைச் சற்றுத் திருப்புவதற்கு மன்னிக்கவும். என் மண்புழு உரத்தொட்டியில் வெள்ளை வெள்ளையாகச் சிற்றுண்ணிகள் மாவு தூவியதுபோல் பெருகிவிட்டன. கடையில் சிலந்திக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள்.

புதுவை விலங்கியல் எழுதியது:

அடிக்காதீர்கள், அம்மா, புழுக்களும் சேர்ந்து போய்விடும். தொட்டியில் ஈரம் மிகுந்து, சோறும் பழத்தோலும் அளவுக்கு மேல் விழுந்ததற்கான அடையாளம் அது. ஒரு வாரம் சமையலறைக் கழிவை நிறுத்துங்கள், காய்ந்த சருகையோ தென்னை நார்க்கழிவையோ கலந்து காற்றாட விடுங்கள். இரவில் ஒரு தர்பூசணித் தோலைக் கவிழ்த்து வைத்து, காலையில் அதில் அப்பியவற்றோடு எடுத்து எறியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் அடங்கிவிடும்.

சாணக்குவியலில் ஓடும் பழுப்புச் சிற்றுண்ணிகள் மட்டும் வேறு கணக்கு. மேக்ரோகீலிஸ் என்னும் ஒன்று ஈ முட்டைகளையும் சிறு புழுக்களையும் தின்பது. அது தன் காலால் அடுத்த சாணத்துக்குப் போவதில்லை. ஈயின் உடலையே பிடித்துக்கொண்டு பறந்துபோய், அங்கே அந்த ஈ இடும் முட்டைகளையே தின்கிறது. எருக்குழியில் பிடிபடும் காண்டாமிருக வண்டின் அடிவயிற்றில் பேன் அப்பியிருக்கிறது என்பார்களே, அவற்றில் பலவும் இப்படிச் சவாரி செய்பவைதாம்.

வடலூர்த் தோப்பு எழுதியது:

சவாரி என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சியைச் சிறுவயதில் தீப்பெட்டியில் அடைத்து வைத்திருந்தோம். அதற்கும் எட்டுக்கால்தான். அதுவும் இந்தக் கூட்டமா?

புதுவை விலங்கியல் எழுதியது:

அதுவும் மண் சிற்றுண்ணியே. பாகூர் அம்மா சொன்ன காய்ச்சல் சிற்றுண்ணிக்கு நெருங்கிய உறவு, ஆனால் மனிதருக்கு எந்தத் தீங்கும் செய்யாதது. அதன் இளம்பருவம் வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின்மேல் ஒட்டி வாழும். வளர்ந்தபின் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழையோடு வெளிவந்து கறையானைத் தின்னும். சங்கப் பாடல்களில் முல்லை நிலத்துக் கார்காலத்தில் வரும் 'ஈயல் மூதாய்' இதுவே என்பர். தம்பலப்பூச்சி, இந்திரகோபம் என்ற பெயர்களும் உண்டு. ஈயல் என்றால் ஈசல்; ஈசல் கிளம்பும் அதே மழையில் இதுவும் கிளம்புவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயரே ஈயல் மூதாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிற்றுண்ணி எல்லாவற்றையும் பேன் என்று ஒரே கட்டாகக் கட்டிவிட்ட நாம், இந்த ஒன்றுக்கு மட்டும் மூதாய் என்று பெயரிட்டிருக்கிறோம்.

வடலூர்த் தோப்பு எழுதியது:

இப்போது அதைக் கண்டே பல ஆண்டுகள் ஆகின்றன. மண்ணில் குருணைப் பூச்சிமருந்து போட ஆரம்பித்த பிறகு என்று நினைக்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

குண்டு பல்பு கிடைத்தது, புனல் வேலை செய்கிறது. போன ஆண்டு எரித்த மூலையிலிருந்து ஒன்று, சித்தப்பாவின் கைக்கு எட்டாமல் மூன்று ஆண்டாகச் சருகு கிடக்கும் வேலியோரத்திலிருந்து ஒன்று என இரண்டு புனல்களை ஐந்து நாள் வைத்தேன். வேலியோரச் சருகில் பழுப்பு மணிகளை எண்ணி முடிக்கப் பொறுமை இல்லாமல் போயிற்று. எரித்த மூலையில் அவை விரல்விட்டு எண்ணும் அளவே; ஆனால் ஓடும் வெளிறிய வகை அங்கேயும் நிறைய இருந்தது. அது ஏன்?

புதுவை விலங்கியல் எழுதியது:

இரண்டே புனலைக் கொண்டு எதையும் நிலைநாட்ட முடியாது என்றாலும், நீங்கள் கண்டது எதிர்பார்க்கத்தக்கதே. ஓடும் வகை வண்டிலும் ஈயிலும் ஏறி வந்துவிடும், வேகமாகவும் பெருகும். ஒரிபாட்டிட் நடந்துதான் வர வேண்டும், பெருகுவதும் மெதுவாக. சிலவற்றுக்கு முட்டையிலிருந்து முதிர்பருவம் வரை பல மாதங்கள் ஆகும். குளிர்நாடுகளில் ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆண்டுதோறும் கொளுத்தினால், முந்தைய தீயிலிருந்து அவை மீளும் முன்பே அடுத்த தீ வந்துவிடுகிறது. ஒரு நிலம் எவ்வளவு காலம் கலைக்கப்படாமல் இருந்தது என்பதற்கு இவற்றை அடையாளமாகக் கொள்வது இதனால்தான்.

நாம் மந்தம் என்று சொல்லும் இந்த உயிர்களின் வரலாறு மிக நீண்டது. திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்து வியக்கிறோம். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் சுமார் 41 கோடி ஆண்டுப் பழைமையான பாறையில் சிற்றுண்ணிகள் அகப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் கில்போவாவில் கிடைத்த ஒரிபாட்டிட் புதைபடிவங்களின் வயது சுமார் 38 கோடி ஆண்டு. இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. வெப்ப நாடுகள் பலவற்றிலும் வாழும் ஆர்க்கிகோசீட்டஸ் என்னும் ஒரிபாட்டிட், 0.1 மில்லிகிராம் எடை மட்டுமே உள்ளது. தன் எடையைப்போல் 1,180 மடங்கு விசையைத் தாக்குப்பிடித்துத் தரையைப் பற்றி நின்றதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2007இல் அளந்திருக்கிறார்கள். அதன் பெண்களுக்கு ஆணே தேவையில்லை. 1993இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பிடித்த ஒரே பெண்ணின் வழித்தோன்றல்களை இன்றும் ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

கடைசியாக எங்கள் வீட்டு உடன்பாட்டைத் தெரிவித்துவிடுகிறேன். ஒவ்வொரு மரத்தின் அடியிலும், கொட்டை விழும் வட்டம் வரை சருகைக் கூட்டி ஒதுக்கிவிடுவது. துளைப்பானைப் பார்க்கவும் பொறுக்கவும் அது வேண்டும். ஒதுக்கிய சருகை இரண்டு வரிசைகளுக்கு நடுவே நீளவாக்கில் குவித்து விட்டுவிடுவது. வேலிப் புதரை வெட்டுவது. தோப்புக்குள் மேய வரும் பக்கத்து வீட்டு ஆடுகளை வெயில் ஏறும் முன் விடாதிருப்பது. சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மேற்குப் பக்கத்து நான்கு மரங்களுக்குக் கீழே மட்டும் அவர் வழக்கப்படி எரிப்பார், அடுத்த தை மாதம் இரண்டு பக்கத்துச் சருகையும் புனலில் போட்டு, அவர் கண்ணெதிரே எண்ண வேண்டும். ஸ்பிரிட்டில் கிடந்தவற்றை உருப்பெருக்கியில் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "கால் எட்டு இருக்கிறதே, அப்புறம் எப்படிப் பேன்?" என்றார்.

புனலுக்கு இன்னும் இரண்டு குண்டு பல்புகள் வேண்டும். திருப்பாதிரிப்புலியூர்க் கடைகளில் தீர்ந்துவிட்டன. எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.